ஏணியக்காவும் படுத்துக்கொண்ட ஸ்விட்சும்

தோளில் எப்போதும் ஒரு மடக்கு ஏணி தொங்கும் என்பதால் அவளுக்கு ஏணியக்கா என்று பெயர் வந்தது. வயது நாற்பத்து நான்கு. ஐந்து பேர் மட்டுமே இருக்கும் ஒரு சின்ன கம்பெனியில் நெட்வொர்க் பழுது பார்ப்பவள். அலுவலகம், கடை, பள்ளிக்கூடம் என்று எங்கே இணையம் நின்றாலும் போய்ப் பார்க்க வேண்டும். வாசலில் முதலில் ஏணியின் முனை நுழையும், அதன் பின்னால் அவள் நுழைவாள்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே ஒரு எரிச்சலில்தான். இருபத்திரண்டு வயதில் ஒரு சரக்குக் கிடங்கில் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். வாரத்துக்கு இரண்டு தரம் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நிற்கும். பழுது பார்ப்பவர் வருவார், அணைப்பார், போடுவார், கையைத் தட்டிக்கொண்டு கிளம்புவார். "அண்ணே, ஏன் நின்னுச்சு?" என்று இவள் கேட்பாள். "அதான் வந்துடுச்சில்ல, அப்புறம் என்ன?" என்பார் அவர். வந்துவிட்டது சரி, ஏன் போனது? அந்தக் கேள்விக்கு யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மாலை வகுப்பில் சேர்ந்து அவளே கற்றுக்கொண்டாள்.

வீட்டிலும் இதே புத்திதான். ஒருமுறை பிரிட்ஜ் ஏன் மூன்று தரம் உறுமிவிட்டு நான்காவது தரம் சும்மா இருக்கிறது என்று பார்க்க, அதன் எதிரே நாற்காலியைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவன் தலையில் அடித்துக்கொண்டான். "எல்லாரும் பிரிட்ஜைத் தொறந்து சாப்பிடுவாங்க. நீ மூடி வெச்சுக்கிட்டு உத்துப் பாக்குற. என்ன பொம்பளடி நீ?" என்றான். ஆனாலும் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் போனான்.

அப்படிப்பட்டவளை அனுப்பினால்தான் ஆகும் என்று கம்பெனியே முடிவு செய்து ஒரு நூலகத்துக்கு அனுப்பியது. ஏற்கெனவே இரண்டு பேர் போய்த் தோற்றுத் திரும்பிய இடம் அது.

மூன்று மாடிக் கட்டடம். இரண்டாம் மாடியில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி அறை. அதற்குள் இரும்புப் பெட்டி, பெட்டிக்குள் நெட்வொர்க் ஸ்விட்ச். விளக்குப் போடும் ஸ்விட்ச் இல்லை இது. கட்டடத்தின் கம்ப்யூட்டர், தொலைபேசி, கேமரா எல்லாவற்றின் கேபிளும் வந்து சேரும் இருபத்து நான்கு துளை கொண்ட தட்டையான பெட்டி. அது இரண்டு மாதமாகத் தன்னிஷ்டத்துக்கு நடந்துகொண்டிருந்தது. திடீரென்று அணையும், தானே எழுந்துகொள்ளும். சில நாள் எழாது. யாராவது வந்து பிளக்கைப் பிடுங்கிச் செருக வேண்டும். அது படுத்துக்கொண்டால் புத்தகம் எடுக்க வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள், கவுண்டரில் இருப்பவர்கள் கையைப் பிசைவார்கள்.

"எப்பெப்போ போகுது மேடம்?" என்று தலைமை நூலகரிடம் கேட்டாள் ஏணியக்கா.

தலைமை நூலகர் கறாரான பெண்மணி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "அது தெரிஞ்சா உங்கள எதுக்குமா கூப்பிடறேன்? நேரம் காலமே கிடையாது. ஆனா காரணம் என்னன்னு உங்க ஆளுங்க ஏற்கெனவே எழுதிக் குடுத்துட்டாங்க."

நீட்டிய தாளில் இரண்டே வரி இருந்தது. துப்புரவுப் பணியாளர் பெருக்கும்போது பிளக்கில் துடைப்பம் இடித்து இணைப்பு தளர்கிறது. அலமாரி அறைக்குள் அவரை அனுமதிக்க வேண்டாம்.

அதன்படியே அறைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. துப்புரவுப் பணியாளருக்கு எச்சரிக்கைக் கடிதமும் போயிருந்தது. இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும்.

"அவங்க உள்ள வராம எத்தன நாளாச்சு?"

"மூணு வாரம்."

"அப்புறமும் ஸ்விட்ச் போகுதா?"

தலைமை நூலகர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "போகுது. யாருக்கும் தெரியாம உள்ள போறாங்களோ என்னமோ."

அந்தப் பதில் ஏணியக்காவுக்கு ஒட்டவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேலே போனாள்.

வழியில் பார்த்தவர்களையெல்லாம் கேட்டாள். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். லிப்ட் ஏறும்போது போகிறது என்றார் ஒருவர். நகல் எடுக்கும் இயந்திரம் ஓடினால் போகிறது என்றார் இன்னொருவர். செவ்வாய்க்கிழமைதான் அதற்கு ஆகாது என்று கவுண்டரில் இருந்த பெண் சத்தியம் செய்தாள். எல்லோரையும்விட அதிகமாகக் குதித்தவர் மூன்றாம் மாடியில் பழைய செய்தித்தாள் அறையைப் பார்த்துக்கொள்பவர். எண்பது வருடத்துச் செய்தித்தாள்களைக் கட்டுக் கட்டாகக் காப்பவர் அவர். அவருக்கு நூலகத்தில் 'பழைய பேப்பர்' என்று பெயர். பழைய பேப்பர் வாங்க வருகிறவரைக் கூப்பிடுவதுபோல இருக்கிறது என்று அவருக்கு அந்தப் பெயர் பிடிக்காது.

"நான் டீ குடிக்கப் போனா போதும்மா. திரும்பி வந்தா கம்ப்யூட்டர் செத்துக் கெடக்கும். எனக்குன்னே காத்துக்கிட்டிருக்கு," என்றார்.

"தினமுமா சார்?"

"தினமும் இல்ல. அதான் கடுப்பே. தினமும்னா பழகிடலாமே!"

ஏணியக்கா அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

முதல் நாள் பிளக்கை அசைத்தாள், ஆட்டினாள், லேசாகத் துடைப்பத்தால் இடித்தும் பார்த்தாள். கல்லுப்போல உட்கார்ந்திருந்தது. கரண்ட் கேபிளைப் புதிதாக மாற்றினாள். ஸ்விட்சின் விசிறியில் பஞ்சுபோல அடைத்திருந்த தூசியை ஊதி எடுத்தாள். வெப்பமானி வைத்தாள், பெட்டிக்குள் சூடு அளவோடுதான் இருந்தது. பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த மேசை விளக்கை அதே பிளக் பலகையில் சொருகி எரியவிட்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கணக்கு எளிது. ஸ்விட்ச் போகும்போது விளக்கும் அணைந்தால் கோளாறு சுவரிலோ பிளக்கிலோ இருக்கிறது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு ஸ்விட்சுக்குள்ளே.

அன்று முழுக்க ஒன்றும் ஆகவில்லை. பழுது பார்ப்பவர் பக்கத்தில் இருந்தால் பழுது பதுங்கிக்கொள்ளும். அந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் புலம்பல்தான் இது.

மறுநாள் பதினொன்றே காலுக்கு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தபோதே, விசிறிச் சத்தம் சட்டென்று நின்றது. பச்சை விளக்குகள் இருபத்து நான்கும் ஒரே மூச்சில் அணைந்தன. மூன்று எண்ணுவதற்குள் மறுபடி உறுமிக்கொண்டு எழுந்தது. மேசை விளக்கோ இமைகூடக் கொட்டவில்லை.

ஏணியக்கா ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தாள். "பிளக் இல்ல! சுவரும் இல்ல!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தத் துப்புரவு அம்மாளின் துடைப்பத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சரி, அப்படியானால் எது?

எப்போது என்ன நடந்தது என்று ஸ்விட்ச் தானே எழுதிவைக்கும் பதிவுக் குறிப்பைத் திறந்து பார்த்தாள். காலியாக இருந்தது. அணைந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும் ரகம் அது. கடிகாரம்கூடப் பல வருடம் பின்னால் போய் நின்றது. ஒவ்வொரு தரமும் செத்து, மறுபடி புதிதாகப் பிறந்த குழந்தைபோல எழுந்து, இன்று என்ன நாள் என்றே தெரியாமல் விழித்தது. ஆகவே தன் பழைய லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்து, ஸ்விட்ச் எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நேரத்தை அதில் பதியும்படி செய்தாள்.

கம்பெனி முதலாளி போன் செய்தார். "இன்னுமா அங்க இருக்க? இப்ப ஓடுதுல்ல? கெளம்பி வா. இனிமே போனா புது ஸ்விட்ச் வாங்கச் சொல்லிடலாம்."

"புதுசு வாங்கினாலும் அதுவும் படுத்துக்கிட்டா என்ன சார் சொல்வீங்க?"

"இன்னும் நாலு நாள்தான். அதுக்கு மேல கேக்காத," என்று முதலாளி போனை வைத்தார்.

நான்காம் நாள் காலை லேப்டாப்பைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பகலில் இரண்டு தரம் போயிருந்தது, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாருக்கும் தெரியாத ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு நாளும் மாலை ஆறு பத்துக்கும் ஆறு இருபதுக்கும் நடுவில், தவறாமல், ஸ்விட்ச் ஒரு தரம் செத்துப் பிழைத்திருந்தது. நூலகம் ஆறு மணிக்கு மூடிவிடும். அதன் பிறகு கம்ப்யூட்டர் பக்கம் யாருமில்லை, ஆகவே யாரும் கவனிக்கவில்லை. சில நாள் காலையில் வந்து பார்த்தால் அணைந்து கிடக்கிறது என்று சொன்னார்களே, அதுவும் இதுதான்.

தலைமை நூலகர் அந்தப் பட்டியலைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "ஆறு மணிக்கு மேல உள்ள இருக்கறது ஒரே ஆளு. பெருக்கற அம்மா. நான் சொன்னேனா இல்லியா?"

ஏணியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருவரைக் காப்பாற்றக் கொண்டுவந்த பட்டியல் அவர் கழுத்தையே சுற்றுகிறதே. "மேடம், விளக்கு அணையல. பிளக்கை யாரும் தொடல. அது நிச்சயம். இன்னிக்கு ஒரு சாயங்காலம் மட்டும் குடுங்க," என்றாள்.

அந்தத் துப்புரவுப் பணியாளருக்குச் சாவிக்கொத்து என்று பெயர். கட்டடத்தின் அத்தனை பூட்டுக்கும் சாவி அவர் இடுப்பில் இருக்கும். நடந்தால் முன்கூட்டியே சத்தம் வரும். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஏணியக்காவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முன்பு வந்து எழுதிக் கொடுத்தவர்களின் அதே சட்டைதானே இவளும் போட்டிருக்கிறாள்?

"அக்கா, நீங்க இங்க எத்தன வருஷமா இருக்கீங்க?"

"பதினாறு."

"அப்போ உங்களுக்குத் தெரியாதது இந்தக் கட்டடத்துல இருக்காது. இந்தப் பொட்டி ஏன் போகுதுன்னு நினைக்கிறீங்க?"

சாவிக்கொத்து துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "நான் எதையாவது சொன்னேன்னு வெச்சுக்க, 'பாத்தியா, இவளுக்குத் தெரிஞ்சிருக்கு, இவதான் பண்ணிருக்கா'ன்னு ஆயிடும். எனக்கெதுக்கும்மா வம்பு?"

"நீங்க எதுவும் சொல்ல வேணாம். தினமும் மூடும்போது என்ன செய்வீங்களோ அத அப்படியே செய்ங்க. நான் கூடவே வர்றேன். பேசக்கூட மாட்டேன்."

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பேசாம இருப்பியா நீ? மூணு நாளா பாக்குறேன், செவுத்தோடகூடப் பேசுற."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மாலை ஆறு மணி. ஏணியக்கா தன் போனை ஸ்விட்ச் இருந்த அறையில் வைத்து, அங்கிருக்கும் சத்தம் தனக்குக் கேட்கும்படி கவுண்டர் பெண்ணிடம் இரவல் வாங்கிய போனோடு இணைத்துக்கொண்டாள். காதில் விர்ரென்று விசிறிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. தரைத்தளம், விளக்குகள் அணைந்தன. விசிறி ஓடியது. முதல் மாடி அணைந்தது. விசிறி ஓடியது. இரண்டாம் மாடி, லிப்ட், படிக்கட்டு. ஓடியது, ஓடியது. மூன்றாம் மாடியில் பழைய செய்தித்தாள் அறைக்கு வந்தார்கள். வெயில் பட்டால் தாள் பொடிந்துபோகும் என்று அந்த அறைக்கு ஜன்னலே வைக்கவில்லை. சாவிக்கொத்து கதவோரம் இருந்த விளக்குப் பொத்தான்களை உள்ளங்கையால் மொத்தமாக ஒரே இழுப்பாக அணைத்தார்.

கும்மிருட்டு. ஒரு நொடி. பிறகு கூரையில் எட்டு இடத்தில் டிக், டிக், டிக் என்று சின்னச் சத்தம். எட்டுக் கேமராவின் கண்ணைச் சுற்றியும் மங்கலாகச் சிவப்புப் புள்ளிகள் பூத்தன. அதே கணம் காதில் விசிறிச் சத்தம் நின்றது. கூரையில் பூத்தவையும் அணைந்தன.

ஏணியக்கா இருட்டில் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா! லைட்டப் போடுங்க!"

"என்னாச்சும்மா? நான் ஒண்ணும் பண்ணலியே!"

"நீங்க ஒண்ணும் பண்ணல. லைட்ட அணைச்சீங்க, அவ்வளவுதான். அந்தச் செவப்பு தினமும் வருமா?"

"வரும். டிக்குனு சத்தம் கேக்கும், செவப்பா முழிக்கும், ஒடனே அவிஞ்சிரும். கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணொண்ணா திரும்ப வரும். அது அப்படித்தான்னு நெனச்சேன்."

நான்கு மாதத்துக்கு முன்பு புதிதாக மாட்டிய கேமராக்கள் அவை. அவற்றுக்குத் தனியாகக் கரண்ட் ஒயர் கிடையாது. நெட்வொர்க் கேபிள் வழியாக ஸ்விட்ச்தான் கரண்ட் ஊட்ட வேண்டும். வெளிச்சம் இருக்கும்வரை கேமரா கொஞ்சமாகத்தான் தின்னும். இருட்டினால் இருட்டிலும் பார்ப்பதற்காகத் தன் சிவப்பு விளக்குகளைப் போட்டுக்கொண்டு இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். எட்டும் ஒரே நொடியில் கேட்டால், ஆறு வருடமாக ஓய்வில்லாமல் உழைத்துக் களைத்த ஸ்விட்சுக்கு மயக்கம் வந்துவிடுகிறது. எழுந்த பிறகு கேமராக்கள் ஒவ்வொன்றாக விழிப்பதால் அப்போது தாங்கிக்கொள்கிறது.

"அப்போ பகல்ல?" என்றாள் ஏணியக்கா, பாதி தனக்கும் பாதி அந்த அம்மாளுக்கும். "பகல்ல யாரு இந்த லைட்ட அணைக்கிறது?"

சாவிக்கொத்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "பகல்ல அணைக்கிறது நானில்லம்மா. அந்தப் பேப்பர் சார்தான். படிக்க ஆளில்லன்னா, வெளிச்சம் பட்டா தாளு கெட்டுப்போகும்னு அணைச்சுட்டுத்தான் டீக்குப் போவாரு."

மறுநாள் காலை ஏணியக்கா, சாவிக்கொத்து, பழைய பேப்பர், தலைமை நூலகர் நான்கு பேரும் அந்த அறையில் கூடினார்கள். ஏணியக்கா விளக்கை அணைத்தாள், கீழே ஸ்விட்ச் படுத்துக்கொண்டது. நான்கு கேமராவின் கேபிளைப் பிடுங்கிவிட்டு அணைத்தாள், படுக்கவில்லை. மறுபடி எட்டையும் இணைத்து அணைத்தாள், படுத்துக்கொண்டது. மூன்று தரம் இப்படியே செய்து காட்டினாள். சில நாள் மட்டும் பகலில் தப்பித்ததற்குக் காரணமும் தெரிந்தது. அறையில் யாராவது படித்துக்கொண்டிருந்தால் பழைய பேப்பர் விளக்கை அணைக்க மாட்டார்.

பழைய பேப்பருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "அப்போ ரெண்டு மாசமா கத்தினது நானு, கவுத்ததும் நானேவா?"

"நீங்க சரியாத்தான் செஞ்சீங்க சார். தாளுக்கு இருட்டு வேணும். கேமராவும் சரியாத்தான் செஞ்சுது. ஸ்விட்சுக்குத்தான் தெம்பு பத்தல."

ஸ்விட்சைக் கழற்றி உள்ளே இருந்த மின்சாரப் பகுதியை வெளியே எடுத்துக் காட்டினாள். கரண்டைத் தேக்கித் தரும் சின்ன உருளைகள் ஆறு, வரிசையாக. ஐந்தின் தலை தட்டையாக இருந்தது. ஒன்றின் தலை மட்டும் அதிகம் சாப்பிட்ட வயிறுபோல உப்பி, ஓரத்தில் பழுப்பாகக் கசிந்திருந்தது. அந்தப் பகுதியை மாற்றிப் பொருத்திவிட்டு விளக்கை அணைத்தாள். டிக் டிக் சத்தம் வந்தது, சிவப்புப் பூத்தது, நிலைத்து நின்றது. கீழே விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் இருட்டிலேயே நின்றார்கள். ஓடிக்கொண்டே இருந்தது.

அறிக்கை எழுதும்போது ஏணியக்கா மற்றதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். துப்புரவுப் பணியாளருக்கும் இந்தப் பழுதுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க உதவியவர் அவரே. எங்கள் முந்தைய அறிக்கை தவறு.

"உங்க கம்பெனி தப்புன்னு நீங்களே எழுதறீங்களே?" என்றார் தலைமை நூலகர்.

"தப்புத்தானே மேடம்."

தலைமை நூலகர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து இரண்டாம் மாடிக்குப் போய் அலமாரி அறைக் கதவிலிருந்த அறிவிப்பைத் தன் கையாலேயே கிழித்தார். பசை ஒட்டிக்கொண்டு பாதிதான் வந்தது. மீதியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது சாவிக்கொத்து ஈரத்துணியோடு வந்து நின்றார்.

"விடுங்க மேடம், நான் பாத்துக்கறேன்."

"இல்ல, இது நான் ஒட்டினது," என்றார் அவர். துணியை மட்டும் வாங்கிக்கொண்டார். எச்சரிக்கைக் கடிதத்தை ரத்து செய்யும் தாள் அன்று மதியமே அந்த அம்மாளின் கைக்கு வந்தது. அவர் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அன்றைக்கு மாடிப்படியைப் பெருக்கியபோது ஏதோ பாட்டை முணுமுணுத்தார் என்று கவுண்டர் பெண் சொன்னாள்.

ஏணியக்கா ஏணியை மடக்கிக்கொண்டு கிளம்பும் நேரம் பார்த்து அந்த அம்மாள் வந்து வழி மறித்தார்.

"ஒண்ணு கேக்கணும். அவ்வளவு கரண்ட் தின்னு லைட்டு எரியுதுங்கற. ஆனா ரூமு இருட்டாத்தானே இருக்கு? அந்த வெளிச்சமெல்லாம் எங்க போவுது?"

ஏணியக்கா அவரை வியப்போடு பார்த்தாள். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "வாங்க மேல போலாம்," என்றாள்.

செய்தித்தாள் அறையில் படிக்க யாருமில்லை. பழைய பேப்பர் டீக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரையும் பிடித்து நிறுத்தி விளக்கை அணைத்தாள். தன் போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, திரை மேலே கூரையைப் பார்க்கும்படி, எல்லோரும் குனிந்து பார்க்கும் உயரத்தில் பிடித்தாள். கண்ணுக்கு எட்டு மங்கலான சிவப்புப் புள்ளிகள்தான் தெரிந்தன. போன் திரையில் எட்டு விளக்குகள் வெள்ளையும் ஊதாவுமாகத் தகதகத்தன. போனைச் சாய்த்துத் திருப்பியபோது அந்த வெளிச்சத்தில் அறை முழுவதும் தெரிந்தது. அலமாரிகள், எண்பது வருடத்துக் கட்டுகள், தரையில் விட்டுப்போன ஒரு பென்சில்.

"அடேயப்பா!" என்றார் சாவிக்கொத்து. "இவ்வளவு வெளிச்சத்துலயா இத்தன நாளா தடவித் தடவி நடந்தோம்?"

"நம்ம கண்ணுக்கு அது தெரியாது அக்கா. கேமராவுக்குத் தெரியும்."

பழைய பேப்பருக்கு வேறு கவலை. "ஏம்மா, இந்த வெளிச்சம் பட்டா தாளு கெடுமா?"

"தெரியல சார்," என்றாள் ஏணியக்கா. "அந்த ரகம் அவ்வளவா பாதிக்காதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா நிச்சயமா தெரியாது. விசாரிச்சுட்டு வந்து சொல்றேன்."

அவர் டீயை மறந்துபோனார். மூன்று பேரும் இருட்டில் நின்றபடியே போனை மாற்றி மாற்றி வாங்கி, ஒவ்வொரு மூலையையும் அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.